மூடியோடு எடுத்த பன்னிரண்டு படங்கள்



அறுபத்துமூவர் அன்று பிற்பகல் மயிலாப்பூரில் நிற்க இடம் கிடைப்பதே ஒரு வரம். மாட வீதித் திருப்பத்தில், நீர்மோர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பந்தலை ஒட்டி எனக்கு ஓரடி இடம் கிடைத்தது. கழுத்தில் சித்தப்பாவின் பழைய கேனனெட் கேமரா. நாயன்மார்களின் பல்லக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. தோள் மாற்றும் ஆட்கள், மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் பாட்டிகள், அப்பாவின் தலையைப் பிடித்துக்கொண்டு தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். இன்று கை நன்றாக ஓடுகிறது என்று மனத்துக்குள் ஒரு மெச்சல் வேறு.

பன்னிரண்டாவது படம் முடிந்து கட்டைவிரலால் ஃபிலிமை நகர்த்தும்போது, மோர் ஊற்றிக்கொண்டிருந்த பையன் என் சட்டையை இழுத்தான். பத்து வயதிருக்கும்.

“தாத்தா, மூடி போட்டிருக்கு.”

பார்த்தேன். லென்ஸ் மேல் கறுப்பு மூடி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. தாத்தா என்றது ஓர் அடி. மூடி என்றது அதைவிடப் பெரிய அடி.

கைபேசியில் படம் எடுத்துப் பழகியவர்களுக்கு இப்படியும் நடக்குமா என்று வியப்பாக இருக்கும். லென்ஸை மூடினால் திரை இருண்டுவிடுமே, அது எப்படித் தெரியாமல் போகும்? தெரியாமல்தான் போகும். நான் வைத்திருந்தது ரேஞ்ச்ஃபைண்டர் வகைக் கேமரா. அதில் நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல. லென்ஸுக்கு மேலே, ஓரமாக இருக்கும் ஒரு தனிச் சாளரத்தின் வழியாக. லென்ஸ் கண்ணை மூடிக்கொண்டு தூங்கினாலும் சாளரத்தில் ஊர்வலம் பளிச்சென்று போய்க்கொண்டே இருக்கும். தானியங்கி நிலையில் வைத்திருந்தால் என் கேமரா “இருட்டாக இருக்கிறது” என்று ஷட்டரைப் பூட்டி என்னைக் காப்பாற்றியிருக்கும். ஒளிமானியின் பேட்டரி தீர்ந்துவிட்டதால் எல்லாவற்றையும் கையால் வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். கையால் எடுப்பவரிடம் அது எதையும் கேட்காது.

இந்தச் சித்திரை இதழில் தெருப் படங்களுக்கென்று இருபது பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். பக்கங்களை அடுக்கி முடித்த பிறகுதான் கவனித்தோம், பாதிக்கு மேல் இந்த வகைக் கேமராவில் எடுத்தவை. எங்கள் உதவி ஆசிரியை, இருபத்தாறு வயது, கேட்டாள்: “கைபேசியே முகத்தைத் தேடிப் பிடிக்குது சார். ஃபோகஸ்கூடத் தானா வராத கேமராவுக்கு எதுக்கு சார் இவ்வளவு பேர் அலையறாங்க?” மூடி விவகாரம் ஆறாமல் இருந்த நேரம். அவளுக்கு அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. இந்தப் பக்கம் அவளுக்கும் சேர்த்துத்தான்.

அந்தப் பன்னிரண்டு படங்களைத் தின்ற குறைதான் இந்தக் கேமராவின் நிறை என்பது என் கட்சி. லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது என்ற ஒரே விஷயத்திலிருந்துதான் இதன் சங்கடங்களும் சுகங்களும் பிறக்கின்றன.

முதலில் அந்தச் சாளரத்தைப் பற்றி. கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் இடமும் வலமும் தாவும். கையை நீட்டினால் தாவல் குறையும். மூக்கருகே கொண்டுவந்தால் கூடும். எவ்வளவு தாவுகிறது என்று அளந்தால் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். பீரங்கிப் படைகளும் போர்க்கப்பல்களும் எதிரி இருக்கும் தூரத்தை இப்படித்தான் அளந்தன. நீளக் குழாயின் இரு முனைகளிலும் இரண்டு கண்ணாடிக் கண்கள், நடுவில் பார்ப்பவர். அந்தக் குழாயை உள்ளங்கைக்குள் அடங்கும்படிச் சுருக்கிக் கேமராவின் தலையில் வைத்ததுதான் ரேஞ்ச்ஃபைண்டர். இரண்டு சாளரங்கள், இரண்டில் தெரிவதையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும் அரைப்பூச்சுக் கண்ணாடி. கண்ணை வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன வெளிச்சக் கட்டம் தெரியும். அதற்குள் எல்லாம் இரண்டிரண்டு. ஒரு மாமி நின்றால், பக்கத்திலேயே அவருடைய ஆவிபோல் மங்கலாக இன்னொரு மாமி. லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக ஆவி நகர்ந்து வந்து உடலில் சேரும். இருவரும் ஒருவரானால் ஃபோகஸ் சரி.

இந்தச் சேர்க்கையில் ஒரு சுகம் இருக்கிறது. மற்றக் கேமராக்களில் மங்கல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். போதுமா, இன்னும் கொஞ்சமா என்ற சந்தேகம் கடைசிவரை விடாது. இதில் சந்தேகமே கிடையாது. சேர்ந்ததா, சேரவில்லையா, அவ்வளவுதான். பூட்டில் சாவி திரும்பும்போது விரலுக்குத் தெரியுமே, அப்படி.

இந்தக் கேமராவின் குடும்ப வரலாறு ஜெர்மனியின் வெட்ஸ்லார் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. நுண்ணோக்கி செய்யும் எர்ன்ஸ்ட் லைட்ஸ் ஆலையில் ஆஸ்கர் பார்னாக் என்றொரு கருவி வல்லுநர். மலையேறிப் படம் எடுப்பதில் ஆசை, உடம்பில் ஆஸ்துமா. அந்தக் காலத்துக் கேமரா என்றால் கனத்த பெட்டி, கண்ணாடித் தகடுகள், முக்காலி. மூச்சுக்கே திண்டாடும் மனிதர் எதைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவார்? சினிமாவுக்கு ஓடும் 35 மில்லிமீட்டர் ஃபிலிமை எடுத்தார். சினிமாவில் மேலிருந்து கீழே ஓடுவதைப் படுக்கவைத்து ஓடச் செய்தார். சினிமாச் சட்டம் இரண்டைச் சேர்த்து 24க்கு 36 மில்லிமீட்டர் என்ற அளவை அமைத்தார். இன்று ‘ஃபுல் ஃப்ரேம்’ என்று லட்சங்களைக் கொட்டி டிஜிட்டல் கேமரா வாங்குகிறவர்கள் வாங்குவது அந்த அளவைத்தான். 1914-ல் அந்தச் சின்னப் பெட்டியோடு வெட்ஸ்லார் தெருவில் படம் எடுத்தார். 1920-ல் ஊரில் வெள்ளம் வந்தபோதும் எடுத்தார். போர், அதன் பின் பணவீக்கம் எல்லாம் கடந்து 1925-ல் லைப்சிக் வசந்தச் சந்தையில் அது லைகா என்ற பெயரோடு விற்பனைக்கு வந்தது. லென்ஸை வடிவமைத்தவர் மாக்ஸ் பெரெக்.

அந்த முதல் லைகாவில் ரேஞ்ச்ஃபைண்டர் இல்லை என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு வளையத்தில் வைக்க வேண்டும்; இல்லையென்றால் ஒரு தனித் தூரமானியைக் கேமராவின் தலையில் செருகி, அளந்து, அந்த எண்ணை லென்ஸுக்கு மாற்ற வேண்டும். 1932-ல் வந்த லைகா இரண்டாம் மாதிரியில்தான் தூரமானியும் லென்ஸும் உள்ளுக்குள்ளேயே பல்லும் பல்லுமாகக் கோக்கப்பட்டன. அதே ஆண்டு ஸைஸ் ஐக்கான் நிறுவனம் போட்டிக்குக் காண்டாக்ஸைக் கொண்டுவந்தது. அப்போதும் குறி பார்க்க ஒரு துளை, தூரம் பார்க்க ஒரு துளை என்றிருந்தது லைகாவில். இரண்டையும் ஒரே பெரிய சாளரமாக்கியது 1954-ல் வந்த லைகா எம்3. அதன் இரண்டு கண்களுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஏழு சென்டிமீட்டர் இடைவெளி. மனிதனின் இரு கண்களுக்கு நடுவே ஆறு, ஆறரை. செய்தவர்கள் இதை நினைத்துச் செய்தார்களோ இல்லையோ, எனக்கு இதை நினைக்கப் பிடிக்கும்.

எம்3-யின் சாளரத்தில் ஒருமுறையாவது கண் வைத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். எதிரே இருப்பது கிட்டத்தட்ட அசல் அளவிலேயே தெரியும். மற்றக் கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டால் கேமரா மறைந்துபோய், தெருவின் நடுவே ஒரு வெள்ளைக் கோட்டுச் சட்டம் மட்டும் அந்தரத்தில் மிதக்கும்.

அந்தச் சட்டம்தான் விஷயம். எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் காட்டுவதுதான் நமக்குத் தெரியும். அதற்கு வெளியே கறுப்பு. அது ஏற்கெனவே ஒரு படம். ரேஞ்ச்ஃபைண்டரில் தெரிவது படம் அல்ல, ஊர். ஜன்னல் கண்ணாடியில் சாக்பீஸால் ஒரு செவ்வகம் வரைந்துவிட்டு, “இதற்குள் வருவது உனக்கு, வெளியே இருப்பது ஊருக்கு” என்று சொன்னதுபோல. கோட்டுக்கு வெளியேயும் பார்க்கலாம். இடப்பக்கமிருந்து ஒரு சைக்கிள் வருகிறது, கோட்டை இன்னும் தொடவில்லை. வலப்பக்கம் பூக்காரம்மா முழம் போடக் கையை உயர்த்தப் போகிறார். இரண்டும் ஒன்றாக உள்ளே வருமா? வரும்வரை காத்திருக்கலாம். தெருவில் படம் எடுக்கிறவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. பந்தயக் குதிரை வாசலைக் கடந்த பிறகு பார்ப்பதும், ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டே நிற்பதும் ஒன்றா?

இன்னொன்று. எஸ்.எல்.ஆரில் லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும் ஒரு கண்ணாடிதான் காட்சியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடுகிறது. பொத்தானை அழுத்தியதும் ஃபிலிமுக்கு வழிவிட அது மேலே எழும்பும். அந்தக் கணம் கண்ணுக்கு முன் இருட்டு. ஆகவே படத்தில் விழுந்த அந்த நொடியை மட்டும் எடுத்தவர் பார்த்திருக்க மாட்டார். முன்னதும் பின்னதும்தான் பார்த்திருப்பார். ரேஞ்ச்ஃபைண்டரில் எழும்ப எதுவும் இல்லை, இருட்டும் இல்லை. கண் சிமிட்டினாளா, சிரிப்பு வந்து சேர்ந்ததா, அந்தக் குழந்தை கடைசி நொடியில் திரும்பிக்கொண்டதா எல்லாம் தெரியும். படம் விழுந்ததா இல்லையா என்று அங்கேயே மனம் சொல்லிவிடும். (லென்ஸ் மூடி இல்லாத பட்சத்தில்.)

எழும்ப ஒன்றும் இல்லாததால் சத்தமும் குறைவு. எங்கள் இதழில் எழுதும் நிழற்படக்காரர் ஒருவர் தன் எஸ்.எல்.ஆரை ‘தகர டப்பா’ என்பார். கச்சேரியில் அதை அழுத்தினால் முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்குமாம். என் கேனனெட்டின் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இதழ் இதழாகத் திறந்து மூடுவது. அதன் சத்தம் நாக்கை மெல்லச் சப்புக்கொட்டியதுபோலத்தான் இருக்கும். அதிர்வு குறைவானதால், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு வேகத்தில்கூடக் கையில் வைத்தே எடுத்துவிடலாம். கர்ப்பகிருகத்து விளக்கைப்போல் ஒளி குறைந்த இடங்களில் இது பெரிய தயவு.

சத்தத்தைப் பற்றிப் பேசும்போது நேமாய் கோஷ் நினைவு வராமல் இருக்காது. கல்கத்தாவில் நாடகம் நடித்துக்கொண்டிருந்தவர். யாரோ டாக்சியில் மறந்துவிட்டுப் போன ஒரு கேனனெட், நண்பர் வழியாக அவர் கைக்கு வந்தது. சத்யஜித் ராய் ‘கூபி கைன் பாகா பைன்’ படத்துக்காக வெளியூரில் இருந்தபோது அதோடு போய்ப் படம் எடுத்தார். ராய்க்குப் பிடித்துப்போனது. அதன் பிறகு 1992-ல் ராய் மறையும்வரை, ஏறக்குறைய கால் நூற்றாண்டு, அவர் கூடவே நிழலாக இருந்தார். பிறகு வேறு நல்ல கேமராக்களெல்லாம் வந்தன. ஆனால் ஃபிளாஷ் போடாமல், இருக்கிற ஒளியில், இருப்பது தெரியாமல் நிற்கும் பழக்கம் கடைசிவரை மாறவில்லை. அந்தப் பழக்கத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்ததில் டாக்சிக் கேமராவுக்கும் பங்குண்டு என்று நான் நம்புகிறேன்.

நிழலாக இருப்பதில் முன்னோடி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சு நிழற்படக்காரர் ஆன்றி கார்தியே-ப்ரெஸ்ஸோன் 1932-ல் லைகாவைக் கையில் எடுத்தார். அதன் பளபளப்பு கண்ணை உறுத்தக்கூடாதென்று கறுப்பாக மூடி மறைத்தார். வாழ்நாளில் பெரும்பகுதி 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றே போதும் என்றிருந்தார். அதே 1932-ல் பாரிஸில், சென் லஸார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் ஒரு மனிதரை எடுத்தார். பலகை வேலியின் இடுக்கில் லென்ஸை நுழைத்து எடுத்த படம். இடுக்கு லென்ஸுக்கே முழுதாகப் போதவில்லை. நெகட்டிவின் இடப்பக்கத்தைப் பலகை மறைத்துவிட்டது. படத்தை வெட்டுவது பாவம் என்று நினைத்தவர், இந்தப் படத்தை வெட்டினார். லென்ஸ் இருக்கும் இடம் வேறு, கண் இருக்கும் இடம் வேறு என்ற கேமராவில் பலகை இடுக்கில் எடுக்கிறவருக்குத் தன் லென்ஸ் எதைப் பார்க்கிறது என்று எப்படித் தெரியும்? பெரும்பகுதி கைப்பழக்கம், மிச்சம் அதிர்ஷ்டம். உலகப் புகழ் பெற்ற அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் மூடி கொஞ்சம் மன்னிக்கப்பட்டதுபோல் இருக்கும்.

1948 ஜனவரி 30 அன்று அவர் டெல்லியில் இருந்தார். பிற்பகல் காந்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். மாலையில் சுடப்பட்ட செய்தி வந்ததும் பிர்லா மாளிகைக்கு ஓடினார். வாசல் கதவின் மேலேறி நேரு மக்களுக்குச் செய்தி சொல்லும் படம் அவர் எடுத்ததுதான். இரவு, இருந்ததோ தெரு விளக்கு வெளிச்சம். படம் சற்றுக் கலங்கியிருக்கும். அந்தக் கலக்கத்தைத் திருத்தித் தெளிவாக்கினால் அந்த இரவே போய்விடும்.

கொழும்பிலும் ஒருவர் இருந்தார்: லயனல் வென்ட். வழக்கறிஞர், பியானோக் கலைஞர், ஓவியர்களின் நண்பர், 1944-ல் நாற்பத்து நான்கு வயதில் மறைந்தவர். அவர் கையிலும் லைகா இருந்தது. 1938-ல் லைட்ஸ் நிறுவனமே அழைத்து லண்டனில் அவர் படங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. இலங்கையின் மீனவர்களையும் கடலையும் உடல்களையும் அவர் பார்த்த விதம் தனிக் கட்டுரைக்கு உரியது. எழுதச் சொல்லி ஒருவரிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் தரவில்லை. அவர் இதைப் படிப்பார் என்று தெரியும்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். லைகாவைச் சுற்றி ஒரு பக்திக் கூட்டம் இருக்கிறது. புதிய எம் வகைக் கேமராவும் ஒரு லென்ஸும் வாங்கும் காசில் நம் ஊரில் ஒரு கார் வாங்கலாம். சிலர் வாங்கி, வெல்வெட் பையில் வைத்து, ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே எடுக்கிறார்கள். அவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். ரேஞ்ச்ஃபைண்டரின் சுகத்துக்கும் லைகாவின் முத்திரையான அந்தச் சிவப்புப் பொட்டுக்கும் கட்டாய உறவு எதுவும் கிடையாது. சோவியத் நாட்டில் கார்கிவ் நகரத்துச் சிறுவர் குடியிருப்பு ஒன்றில் 1934 முதல் ஃபெட் என்ற பெயரில் லைகாவைப் பார்த்து அப்படியே செய்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்து காண்டாக்ஸ் இயந்திரங்களைக் கொண்டுபோய் கீவ் என்ற பெயரில் செய்தார்கள். ஜப்பானில் கேனனும் நிக்கானும் இந்த வகையில்தான் தொழில் பழகின. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் யாஷிகா, மினோல்டா, ஒலிம்பஸ், கேனன் எல்லாம் வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ரேஞ்ச்ஃபைண்டர்களைச் செய்து குவித்தன. 1962-ல் ஜான் க்ளென் பூமியைச் சுற்றப் போனபோது எடுத்துச் சென்றது ஒரு மருந்துக் கடையில் வாங்கிய மினோல்டா தயாரிப்பு. அமெரிக்காவில் அன்ஸ்கோ என்ற பெயரில் விற்றார்கள். விண்வெளிக் கையுறையோடு அழுத்த வசதியாக அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடி வைத்துக்கொடுத்தார்களாம்.

என் கேனனெட்டும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. 1976-ல் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தார். ‘க்யூ.எல். 17’ என்று நெற்றியில் எழுதியிருக்கும். ஃபிலிமைச் சட்டென்று மாட்டலாம் என்பதைக் குறிப்பது க்யூ.எல்.; லென்ஸ் எஃப் 1.7 வரை திறக்கும் என்பதைக் குறிப்பது 17. ஊட்டியில் தயாரான இந்து ஃபிலிமைப் போட்டு எங்கள் குடும்பத்தின் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எல்லாம் எடுத்தார். முப்பத்தாறு படம் முடியச் சில சமயம் மூன்று மாதமாகும். ஆகவே ஒரே ரோலில் பொங்கலும் இருக்கும், தமிழ்ப் புத்தாண்டும் இருக்கும், நடுவில் ஒரு சாவும் இருக்கும். சித்தப்பா கழுவிக் கொண்டுவந்த நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது எல்லோரும் கறுப்பு முகமும் வெள்ளைத் தலையுமாகத் தெரிவார்கள். இப்போது வெள்ளைத் தலை மட்டும் நிஜமாகிவிட்டது.

சித்தப்பா போன பிறகு கேமரா என்னிடம் வந்தது. அதன் ஒளிமானிக்கு வேண்டிய பாதரசப் பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. அதற்குப் பதில் காதுக் கருவிக்குப் போடும் துத்தநாகப் பேட்டரி பொருந்தும் என்று ஒரு நண்பர் சொன்னார். மின்னழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மருந்துக் கடையில் போய்க் கேட்டால், “அப்பாவுக்கா சார், உங்களுக்கா?” என்பார்கள். கேமராவுக்கு என்று சொன்னால் நம்புவதில்லை. நடுவில் இதன் தூரமானி நகர்ந்துபோய், ஆவி உடலில் சேராமல் ஒரு விரற்கடை தள்ளியே நின்றது. ஒரு கடையில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது கிடைமட்டத்தில் சேர்ந்தது, மேலே கீழே சேரவில்லை. மாமியின் தலைக்கு மேல் இன்னொரு மாமியின் கொண்டை. இரண்டாவது கடைக்காரர் மேல்மூடியைக் கழற்றி ஒரு குட்டித் திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பி, எதிர் வீட்டு ஆன்டெனாவைப் பார்த்துச் சரி செய்தார். காசு வாங்கவில்லை. “இதுக்கெல்லாமா சார்” என்றார்.

ஃபோகஸ் வளையத்தை எத்தனை முறை திருகியிருப்பேன்? இப்போது கண்ணால் பார்க்கும் முன்பே விரலுக்குத் தூரம் தெரிகிறது. சின்னக் கைப்பிடி கீழே நேராக நின்றால் இன்ன தூரம், இடப்பக்கம் சாய்ந்தால் ஆளுக்கு ஆள் பேசும் தூரம். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவருவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும். நல்ல வெயிலில் அதுகூட வேண்டாம். 35 மில்லிமீட்டர் லென்ஸில் அப்பர்ச்சரை 8-ல் வைத்து, வளையத்தை மூன்று மீட்டரில் நிறுத்தினால் ஏறக்குறைய இரண்டு மீட்டரிலிருந்து ஏழு மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். அந்தக் கணக்கு லென்ஸின் கழுத்திலேயே கோடு கோடாகச் செதுக்கியிருக்கும். அதன் பிறகு ஃபோகஸ் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு நடக்கலாம். தானாக ஃபோகஸ் பிடிக்கும் எந்தக் கேமராவும், ஏற்கெனவே பிடித்து வைத்த ஃபோகஸை முந்த முடியாது.

எதிரே இருப்பவர் பக்கத்திலிருந்தும் பாருங்கள். சாளரம் கேமராவின் இடது மூலையில் இருப்பதால் வலக்கண்ணை வைத்துப் பார்ப்பவரின் முகம் முழுவதும் மறைவதில்லை. பாதி முகமும், திறந்திருக்கும் ஒரு கண்ணும், சிரித்தால் அந்தச் சிரிப்பும் எதிரில் இருப்பவருக்குத் தெரியும். நீளக் குழல் லென்ஸை நீட்டினால் மனிதர்கள் விறைத்துப்போகிறார்கள், அல்லது “எந்த சேனல் சார்?” என்கிறார்கள். கேனனெட்டைப் பார்த்தால், “இதுல ரோல் போடணுமா? எங்க வீட்லயும் இருந்துச்சு” என்று பேச்சு தொடங்கிவிடும். பேச்சு முடிவதற்குள் நான்கு படம் எடுத்திருப்பேன்.

எல்லாவற்றுக்கும் இது ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேடந்தாங்கலுக்கு எடுத்துப் போகாதீர்கள். நீளமான லென்ஸ் போட்டால் சாளரத்தில் அதன் சட்டம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும். 135 மில்லிமீட்டரைத் தாண்டினால் இதற்குச் சிரமம். கிரிக்கெட்டும் ஆகாது. பூவின் மகரந்தத்தையும் எறும்பையும் எடுக்க நினைக்கிறவர்களும் வேறு இடம் பார்க்கலாம். முக்கால் மீட்டருக்குள் நெருங்கினால் பெரும்பாலான ரேஞ்ச்ஃபைண்டர்கள் கையை விரித்துவிடும். கிட்டப்போகப் போகச் சாளரம் காட்டுவதும் லென்ஸ் பிடிப்பதும் விலகும், தலையை வெட்டிவிடும். 1959-ல் நிக்கான் எஃப் வந்ததும் பத்திரிகைப் படக்காரர்கள் கொத்தாக எஸ்.எல்.ஆருக்கு மாறியது இதனால்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு மைதானமும் மேடையும் எட்ட வேண்டியிருந்தது.

அப்படி ஓரம்கட்டப்பட்ட வகை செத்துப்போகாமல் டிஜிட்டலுக்கும் வந்து சேர்ந்ததுதான் வேடிக்கை. 2004-ல் எப்சன் ஒன்று செய்தது. அச்சுப்பொறி செய்யும் எப்சன்தான். டிஜிட்டல் கேமராவாக இருந்தும், அதில் ஃபிலிமை நகர்த்துவதுபோல் நெம்புகோலை இழுத்தால்தான் அடுத்த படம். 2006-ல் லைகா எம்8 வந்தது, 2009-ல் எம்9. 2012-ல் கறுப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும் கேமரா. 2016-ல் பின்னால் திரையே இல்லாத டிஜிட்டல் கேமரா. எடுத்ததைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். திரையைப் பிடுங்கிவிட்டுக் கூடுதல் விலையும் சொல்வது எப்படி என்று நம் ஊர் வியாபாரிகள் போய்ப் பாடம் கேட்கலாம். ஆனால் அதை வாங்கியவர் ஒருவரை எனக்குத் தெரியும். திரை இருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் குனிகிறோமாம்; குனிந்திருக்கும்போது தெருவில் நல்லதெல்லாம் போய்விடுகிறதாம். அது உண்மை. மாட வீதியில் என்னைச் சுற்றி நின்ற பாதிப் பேர் பல்லக்கைப் பார்க்கவில்லை, பல்லக்கின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பல்லக்கைப் பார்த்தேன். படம்தான் இல்லை.

இனி அந்தப் பையன். மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அசடு வழிய நின்றேன். அவன் போகவில்லை. கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தான். “பாக்கறியா?” என்று நீட்டினேன். மோர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். எந்தக் கண் என்று சற்று நேரம் குழப்பம். பிறகு என் பக்கம் திருப்பினான்.

“ரெண்டு தாத்தா தெரியறாங்க.”

“அந்த வளையத்தைத் திருகு.”

திருகினான். தவறான பக்கம் திருகியிருக்க வேண்டும். “தூரமாப் போறாங்க” என்றான். மறுபக்கம் திருகினான். நாக்கு வெளியே வந்து மேலுதட்டில் ஒட்டிக்கொண்டது. பின்னால் பறையும் சங்கும். யாரோ என்னை இடித்துக்கொண்டு போனார்கள். நான் அசையாமல் நின்றேன்.

“ஒண்ணாயிட்டாங்க!” என்று கத்தினான். கத்திக்கொண்டே அழுத்தியும்விட்டான்.

ரோலைக் கழுவியபோது முதல் பன்னிரண்டு சட்டங்களும் கண்ணாடிபோல் வெறுமையாக இருந்தன. பதின்மூன்றாவதில் நான் இருக்கிறேன். கண் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது, ஒரு முடி பிசகவில்லை. அவனிடம் அனுமதி கேட்டு, அவன் அம்மாவிடமும் கேட்டு, இந்த இதழின் பின்னட்டை உட்பக்கத்தில் போட்டிருக்கிறோம். பாருங்கள், வலக்கையில் லென்ஸ் மூடி இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்